துண்டுக்கடியில் வாங்கிக்கொண்டவனுக்கு

நீ அவன் கையை உதறிவிட்டுப் போனவன். மறுக்காதே. பல் போன மாட்டை நாலு பல் இளசு என்று சாதிக்கிறவனையும், மடி வற்றியதை முந்தாநாள்தான் கன்று போட்டது என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுகிறவனையும் முப்பத்திரண்டு வருசமாகப் பார்த்தவன் நான், உன் மறுப்பு என்னிடம் செல்லாது. உன் பேர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மயிலாங்காட்டுச் சந்தையின் ஒலிபெருக்கியிலேயே போட்டுக் கிழித்திருப்பேன். மாசி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ருக்குமணியக்காளின் டீக்கடைக்குப் பின்னால், வெள்ளியங்கிரியின் கை உன் கைக்குள் இருந்தது. அவன் எங்கே போகப் போகிறான் என்பது அந்தக் கை வழியாக உனக்கு வந்து சேர்ந்தது. நீ உதறினாய். அக்காளின் குடத்துத் தண்ணீரை மொண்டு மூன்று தடவை கையைக் கழுவினாய். வாங்கிய டீயைக் குடிக்காமலே போய்விட்டாய். அன்றைக்குப் போன வெள்ளியங்கிரி இன்று வரை வீடு திரும்பவில்லை, அவன் இருக்கும் இடம் இந்த உலகத்தில் அவனைத் தவிர உனக்கு மட்டும்தான் தெரியும்.

இதை உன்னைத் தவிர மற்றவர்களும் படிப்பார்கள், எங்கள் தொழில் தெரியாதவர்களும் இருப்பார்கள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

மாட்டுச் சந்தையில் நாங்கள் விலையை வாயால் பேசுவதில்லை. விற்கிறவன் பக்கம் ஒரு தரகர், வாங்குகிறவன் பக்கம் ஒரு தரகர், இரண்டு பேரும் வலது கையை நீட்டிக் கோத்துக்கொள்ள, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்தால் ஒன்று, விட்டால் ஒன்று, அழுத்தினால் ஒன்று என்று உள்ளே பேரம் நடக்கும், வெளியே இரண்டு முகமும் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்படி நாற்பத்தொரு தரகர்கள், வாரம் தவறாமல், ஒருத்தன் கையை ஒருத்தன் பிடித்துப் பிழைத்தோம். யாருக்கு நகம் கடிக்கிற பழக்கம், யாருக்குக் காய்ப்பு எந்த விரலில் என்று இருட்டில் தொட்டாலும் சொல்லுவோம். ஆனால் அந்தக் கைக்காரன் வீட்டில் அடுப்பு எரிகிறதா இல்லையா என்று எவனும் எவனையும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று சட்டம் இல்லை, கேட்டால் விலை இறங்கிவிடும் என்ற பயம், அந்தப் பயத்தை இந்தச் சந்தையில் விதைத்தவர்களில் முதல் ஆள் நான், கறார் அங்கமுத்து.

பொங்கல் முடிந்த அடுத்த செவ்வாயன்று ஒரு செவலைக் காளைக்காகப் பொன்னையனும் கருணைவேலும் துண்டுக்கடியில் கை கோத்தார்கள். பொன்னையன் அறுபதைத் தாண்டியவர், எங்கள் எல்லாருக்கும் அண்ணன். கருணைவேல் நடு வயசு, வாய் திறக்காத ஆள். கோத்த கை கோத்தபடி இருக்க, பொன்னையன் ஆகாசத்திலிருந்து பார்வையை இறக்கிக் கருணைவேலைப் பார்த்தார்.

"ஏப்பா, உங்க வூட்டு அம்மிணிக்கு மாருல கட்டியா?"

"ஆமாங்கண்ணா. யாருகிட்டயும் சொல்லலீங்."

"பச்சை கேட்டு போட்ட ஆஸ்பத்திரியா?"

"அதேதானுங். வெசாழக்கெழம வரச் சொல்லியிருக்கறாங்."

"நானும் கூட வாரேன். வாங்கிக்கிட்டேன் போ. சரி, காளைக்கு என்ன சொல்ற?"

காளை விற்றது. மத்தியானத்துக்குள் சந்தையில் துண்டு போட்ட எல்லாக் கைகளும் அதே மாதிரி பேச ஆரம்பித்திருந்தன. விலை சொல்ல வேண்டிய விரல்கள் விலையைச் சொல்லவில்லை, அந்த ஆள் எதை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறானோ அதைச் சொல்லின, வெறும் துக்கமாகச் சொல்லாமல், இடத்தோடு, வாசனையோடு, ஆஸ்பத்திரிக் கேட்டின் நிறத்தோடு சொல்லின. கிணற்றில் கையை விட்டால் குளிர் ஏறுகிற மாதிரி அது ஏறியது, அவ்வளவுதான், யாரும் மயங்கி விழவில்லை. ஏன் வந்தது, எப்படி வந்தது என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

அடுத்த வாரம் சுதாரித்தார்கள். ஒருத்தர் கையில் மஞ்சள் பூசி வந்தார், ஒருத்தர் விபூதி. ஒரு புண்ணியவான், மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற டாக்டரிடம் கெஞ்சி, தோள் வரைக்கும் ஏறுகிற உறையை வாங்கி மாட்டிக்கொண்டு வந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டே காலை முழுக்கத் திரிந்தார். உறையைத் தாண்டியும் வந்தது. செல்போனில் எண்ணைத் தட்டிக் காட்டிப் பார்த்தார்கள், ஆனால் விரல் படாமல் முடிந்த பேரம் ஒன்றுகூட மாடு வண்டி ஏறும் வரைக்கும் நிற்கவில்லை. சந்தையை ஏலம் எடுத்த குத்தகைதாரர் வந்து, துண்டுக்கடியில் தெரிந்ததை வெளியில் பேசக் கூடாது என்று ஒரு பலகை எழுதி மாட்டினார், அதன் கீழே நின்றுகொண்டுதான் எல்லாரும் பேசினார்கள். மூன்றாவது வாரத்தில் சந்தை அதைச் செரித்துவிட்டது. ஒரு வழக்கமும் தானாக உண்டானது. கை வழியாக ஒன்று வந்தால், அதை வாங்கினவன் "வாங்கிக்கிட்டேன்" என்று ஒரு வார்த்தை வாயால் சொல்ல வேண்டும். பதிலுக்கு இவன் கையிலிருந்து போனதற்கு அவனும் அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும். சொன்னால் இரண்டு பக்கமும் கனம் இறங்கிவிடும், அதற்குப் பிறகுதான் விரல் விலை பேசும். சொல்லாமல் விட்டால் அது வாங்கினவன் கையிலேயே தங்கிவிடும், வேலைக்காகாத கையாகிவிடும்.

ருக்குமணியக்காள் இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட்டாள். பேரம் முடித்தவர்கள் முன்பெல்லாம் முதுகைத் திருப்பிக்கொண்டு போவார்கள், இப்போது உட்கார்ந்து டீ குடித்தார்கள். முப்பது வருசம் எதிர்த் துண்டில் நின்றவனுடைய பிள்ளைகளின் பேரை அப்போதுதான் கேட்டார்கள். மாட்டின் கெட்ட சுழியை மறைக்கிறவர்கள் குறைந்தார்கள், ஏனென்றால், ஒருத்தனைப் பார்த்து அவன் மகனே "சாணி நாத்தம் அடிக்குது, அக்கட்டால படுங்க" என்று சொல்லியிருக்கிறான் என்று தெரிந்த பிறகு அவனைப் போய் ஏமாற்ற மனசு வரவில்லை.

இந்த அதிசயத்தில் சேராத ஆட்கள் சந்தையில் இரண்டே பேர். ஒருத்தன் நான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "ஒளிவுமறைவு இல்லாத யாவாரம், அல்லாரும் கேளுங்க" என்று வாயால் விலை பேசினேன், எதிராளி வாயைத் திறக்கும் முன்னால் கத்தியே முடித்தேன். சாணி அள்ளி உள்ளே நுழைந்தவன், அடிபட்டு அடிபட்டுத் தொழில் படித்தவன், என் உள்ளே இருப்பதை எவனும் கிண்டிப் பார்க்க முடியாது என்று எனக்கு ஒரு திமிர்.

இன்னொருத்தன் வெள்ளியங்கிரி.

அவனுக்கு முப்பத்து நாலு வயசு. ஆறு வருசம் முன்பு லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு வந்து தரகில் சேர்ந்தான். எனக்கு ரத்த சொந்தம் இல்லை, ஆனாலும் முதல் நாளே என்னை மாமா என்று கூப்பிட்டான், நானும் மாப்ளே என்றேன், விரல் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன், கூடவே "மொகத்துல ஒண்ணுந் தெரியப்படாது மாப்ளே, தெரிஞ்சா தொலஞ்ச" என்றும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவதைத்தான் நன்றாகப் படித்தான். அவனும் எல்லாரையும் போலத் துண்டு போட்டான், கை கோத்தான், அவனிடம் கை கொடுத்தவர்கள் "மாப்ளகிட்ட ஒண்ணுமே இல்லப்பா, கல்லு மாதிரி கெடக்குது" என்று சிரித்தார்கள். பிறகுதான் எங்களுக்கு விளங்கியது, அவன் முழுக்கையைக் கொடுக்கவே இல்லை, நுனி விரலை மட்டும் தொடவிட்டு எடுத்துக்கொண்டிருந்தான். யாராவது "என்னோடது தெரிஞ்சுதா?" என்று கேட்டால், "தெரிஞ்சுதுங்க, வாங்கிக்கிட்டேன்" என்பான், பொதுவாக ஒரு ஆறுதல் சொல்வான். கை கொடுத்த எல்லாருக்கும் வந்தது அவனுக்கு மட்டும் வரவில்லை. ஏனென்றால் அவன் விரல்களில் உணர்ச்சியே இல்லை. எதிராளி அழுத்துகிறானா விடுகிறானா என்பதுகூட ஒரு வருசமாக அவனுக்குத் தெரியாது, எதிராளியின் தோள் அசைவதைப் பார்த்துப் பார்த்து விலையை ஊகித்துத்தான் அவன் தொழில் பண்ணிக்கொண்டிருந்தான்.

மாசி மூன்றாவது செவ்வாய் காலையில் பொன்னையனின் கை அவன் நுனி விரலோடு சேர்ந்தது. அதற்குப் பதினோரு நாள் முன்னால் பொன்னையனுடைய மகளுக்குப் பிறந்த குழந்தை அழாமலே பிறந்து அழாமலே போயிருந்தது. வீட்டைத் தாண்டி அவர் அதை வெளியே சொல்லவில்லை, கை சொல்லும் என்று கொண்டுவந்திருந்தார். நீட்டிவிட்டு, ஒரு வார்த்தைக்காக அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளியங்கிரி அவர் முகத்தைப் பார்த்தான், மகள் பிள்ளைத்தாய்ச்சி என்பது அவனுக்குப் போன மாதமே தெரியும், கணக்குப் போட்டான், சிரித்தான். "வாங்கிக்கிட்டேனுங்கண்ணா. நல்ல சேதிதான். மக வூட்டுல தொட்டில் ஆடப் போகுது, எங்களுக்கெல்லாம் சக்கர எப்பங்க?"

பொன்னையன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நடந்து போய் ஒரு எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கருணைவேல்தான் போய் அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து விவரத்தைச் சொன்னான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அத்தனை பேருக்கும் நடுவில் போய் வெள்ளியங்கிரியின் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"ஏன்டா, உங் கையில உசுரு இருக்குதா இல்லியாடா? செத்த கையத் தூக்கிட்டு எதுக்குடா சந்தைக்கு வார? மாட்டுக்குக்கூட ஈ உக்காந்தா தோலு சிலுக்குது, உனக்கு எங்கடா போச்சு?"

எல்லாரும் பார்த்தார்கள். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்த முகம்.

கொஞ்ச நேரம் கழித்து, தண்ணித் தொட்டிக்குப் பின்னால் நான் தனியாக நிற்கும்போது அவன் வந்தான். தோள் துண்டை எடுத்துத் தன் முன்னங்கையில் போட்டுக்கொண்டான், கையை நீட்டினான், இந்தத் தடவை நுனி விரலை இல்லை, முழுக்கையை.

"மாமா, ஒருக்கா புடிங்க."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "வாயில நாக்கு இல்லியா? வாயால சொல்லு."

"வாயில வரமாட்டீங்குது மாமா."

"வராட்டி உட்டுப்போட்டுப் போ. பொன்னையண்ணங்கிட்டப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு அப்பறம் என்ற மூஞ்சியில முழி."

அவன் நீட்டின கையை ஒரு நிமிசம் அப்படியே வைத்திருந்தான். பிறகு டீக்கடைப் பக்கம் போனான். அங்கே நீ நின்றாய்.

ருக்குமணியக்காள் கீழே குந்தி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவள், தட்டிக்கு அடியில் நாலு காலைத்தான் பார்த்தாள். அவன் செருப்பு அவளுக்குத் தெரியும், உன் செருப்பு தெரியாது. "ஒருக்கா புடிங்க அண்ணா" என்று அவன் சொன்னதும், பிறகு ரொம்ப நேரம் சத்தமே இல்லாததும், பிறகு உன் கால் இரண்டடி பின்னால் போனதும், அவன் "சொல்லிராதீங்க" என்று சொன்னதும் அவளுக்குக் கேட்டது. குடத்தில் சொம்பு மூன்று தடவை முங்கியது. எழுந்து பார்த்தபோது இரண்டு பேரும் இல்லை, பெஞ்சின் மேல் உன் டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த செவ்வாயன்று வெள்ளியங்கிரியின் சம்சாரம் தங்கமணி சந்தைக்கு வந்தாள். போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு, அப்படியே பஸ் ஏறி வந்திருந்தாள். எடை மேடைக்குப் பக்கத்தில் நின்று ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள். மஞ்சளாகிப்போன சீட்டு, நாலாக மடித்து, அவன் வீட்டில் விட்டுப்போன சட்டைக்குள்ளேயே பல நாள் இருந்த சீட்டு.

"குஷ்டம்னு எழுதியிருக்குதுங்கய்யா" என்றாள்.

நாற்பது கைகள் ஒரே நேரத்தில் வேட்டியில் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். எவனுக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. வைக்கோல் விற்கிறவன் சோப்பு எடுத்துவர ஓடினான், அன்றைக்கு அவனிடம் சோப்புத்தான் அதிகம் விற்றது.

"தொடச்சுக்குங்க, பரவால்ல" என்றாள் தங்கமணி. "நான் டாக்டரம்மாகிட்டப் போயிக் கேட்டுட்டுத்தான் வாரேன். கையப் புடிச்சா ஒட்டிக்கறதில்லியாமா. அட்டை மாத்திரைங்க, காசு வாங்காமத் தராங்க, மொத அட்டை முழுங்கினாலே அடுத்தவங்களுக்குப் பரவாதுன்னுட்டாங்க. நான் அவரு கூட ஒம்போது வருசம் ஒரே வட்டல்ல தின்னவ, என்னயும் சோதிச்சாங்க, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவரு மாத்திரை சாப்படாம இருந்தாருன்னா வெரலு ஒவ்வொண்ணா மடங்கிக்குமாமா. மடங்கி நின்னுபோச்சுன்னா அப்பறம் மருந்து குடுத்தாலும் நிமுராதாமா. அதனால எனக்கு அவரு எங்க இருக்கறாருன்னு தெரியோணும். உங்க சந்தையில கையப் புடிச்சா எல்லாம் தெரியுமாமே. கடைசியா அவரு கையப் புடிச்சது யாருங்க?"

ருக்குமணியக்காள் தான் பார்த்த நாலு காலைச் சொன்னாள். முன்னொரு நாள் கொதிக்கிற கிளாஸை வெள்ளியங்கிரி அப்படியே அள்ளிப் பிடித்ததையும், உள்ளங்கை கொப்புளித்திருந்ததையும், "சூடுங்கூடத் தெரியலியா தம்பி" என்று தான் கேலி பண்ணியதையும் சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சந்தை அன்றைக்கு இரண்டாகப் பிளந்தது. "நீதான்", "நானில்லை", "அன்றைக்கு டீக்கடைப் பக்கம் உன்னைத்தான் பார்த்தேன்", "வாய் இருக்குதுன்னு பேசாதே" என்று, முப்பது வருசப் பழக்கமெல்லாம் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போனது. அவிழ்த்துவிட்ட ஒரு கன்று நடுவில் ஓடியும் ஒருத்தரும் பிடிக்கவில்லை. கத்துகிற வேலை என் வேலை, ஆனால் அன்றைக்கு எனக்குக் கத்த வரவில்லை, ஏனென்றால் அந்தக் கை முதலில் நீண்டது என் பக்கம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெள்ளியங்கிரி சொல்லாமல் வைத்ததை எவன் வாங்கினானோ, அவன் "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லாததால், அது இன்னும் வாங்கினவன் கையிலேயேதான் இருக்கும். சந்தைக் கைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தால் கிடைத்துவிடும். யார் பிடிப்பது என்று ஒருத்தன் கேட்டான். நான் பிடிக்கிறேன் என்றேன். எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையைப் பார்த்தார்கள். கை இரண்டு பக்கமும் பேசும், பிடிக்கிறவன் தன்னுடையதையும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் வந்தவர் பொன்னையன். துண்டை அவரே எடுத்துப் போட்டார். அவருடைய பேரக்குழந்தையின் மூடின கண் என் முழங்கை வரைக்கும் ஏறியது. என்னிடமிருந்து என்ன போனதோ, கிழவருக்குக் கண் விரிந்தது.

"ஏனப்பா அங்கமுத்து, உனக்கு மாட்டக் கண்டா பயமா?"

பத்தொன்பது வயசில் ஒரு பர்கூர்க் காளை என்னைத் தொடையில் குத்தித் தூக்கி வேலி மேல் போட்டது. அன்றிலிருந்து கொம்பு எட்டுகிற தூரத்தில் நான் நின்றதில்லை. வால் பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்து, பல்லை அடுத்தவனைப் பார்க்கச் சொல்லி, அது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று கத்தி, கத்தியது போதாது என்று இன்னும் கத்தி, கறார் என்று பேர் வாங்கி, மாட்டுக்குப் பயந்த மாட்டுத் தரகனாக முப்பத்திரண்டு வருசம் ஓட்டியிருக்கிறேன்.

எங்கிருந்தோ ஒருத்தன் சிரிப்பை அடக்க முடியாமல் விட்டான். பிறகு சந்தையே சிரித்தது. தங்கமணிகூட, அந்த நிலைமையிலும், உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். பொன்னையன் மட்டும் சிரிக்காமல், "வாங்கிக்கிட்டேன்" என்றார். "நானும் வாங்கிக்கிட்டேனுங்கண்ணா" என்றேன். அன்றைக்கு என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. அதற்கடுத்த வாரம் நான் ஒரு மயிலைக் காளைக்குப் பேரம் பேசும்போது கருணைவேல் வந்து, கயிற்றைச் சரிபார்க்கிறவன் மாதிரி, கொம்புக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டான். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருத்தன் அப்படி நிற்கிறான்.

பதினோரு செவ்வாய்கள் தேடினேன். மிச்சமிருந்த முப்பத்தொன்பது தரகர் கையையும் பிடித்தேன், பிறகு வியாபாரிகள், வண்டி ஓட்டுகிறவர்கள், கயிறு விற்கிறவன், வைக்கோல்காரன், குத்தகைதாரர், பாலக்காட்டிலிருந்து வருகிறவர்கள். அவர்கள் பேச்சு எனக்குப் பாதிதான் புரியும், கை முழுக்கப் புரிந்தது. எத்தனை வாங்கினேன் என்று கேட்காதே. மனைவிக்குத் தெரியாமல் செத்துப்போன அம்மாவின் சேலையை வண்டி சீட்டுக்கடியில் வைத்திருக்கிறவன் இருக்கிறான். நாற்பத்தைந்து வயசில் ஒண்ணாங்கிளாஸ் புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டுகிறவன் இருக்கிறான். எல்லாருக்கும் "வாங்கிக்கிட்டேன்" சொன்னேன். வெள்ளியங்கிரி மட்டும் எந்தக் கையிலும் இல்லை.

போன செவ்வாய் தங்கமணி வந்து, "என்ற கையயும் புடிங்கய்யா" என்றாள். இந்தச் சந்தையில் பொம்பளை கை துண்டுக்குள் வந்ததில்லை. பொன்னையன், "புடி" என்றார். பிடித்தேன். அவன் காணாமல் போனதற்கு இரண்டு நாள் முன்பே அவள் அந்தச் சீட்டைச் சட்டை துவைக்கும்போது பார்த்திருக்கிறாள். பார்த்து, படித்து, மடிப்புக் கலையாமல் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். அவனுக்குச் சோறு போடும்போதெல்லாம் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"நான் கேட்டிருக்கலாமுங்கய்யா" என்றாள்.

"வாங்கிக்கிட்டேன் அம்மிணி" என்றேன். "எங்கிட்டயும் ஒண்ணு இருக்குது." தண்ணித் தொட்டிக்குப் பின்னால் நடந்ததை வாயாலேயே சொன்னேன். அன்றைக்கே ஒலிபெருக்கியைப் பிடித்துச் சந்தை முழுக்கவும் சொன்னேன், அவன் கையை முதலில் மறுத்தவன் நான் என்று. அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியாது, நான் கேட்கவும் இல்லை. தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

ஆக, இதில் பங்கு உள்ளவர்கள் மூன்று பேர், இரண்டு பேர் ஒப்புக்கொண்டாயிற்று. மிச்சம் நீ.

உனக்கும் எனக்கும் இப்போது பேரம். முதலில் நான் சொன்ன விலை, நீ எடை மேடை மேல் ஏறி எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்பது. மூன்று வாரம் அதில் நின்றேன், நீ வரவில்லை. இறங்கினேன். கூட்டம் வேண்டாம், என்னிடம் மட்டும் வா, அடிக்க மாட்டேன், திட்டக்கூட மாட்டேன் என்றேன், என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இறக்கம் என்று தெரியும். அதற்கும் வரவில்லை. மறுபடி இறங்கினேன். ஊர்ப் பேரை ஒரு காகிதத்தில் எழுதி டீக்கடைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போ, கையெழுத்துக்கூட வேண்டாம் என்று ருக்குமணியக்காளை விட்டு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லச் சொன்னேன். அவள் பெஞ்சைத் தினம் மூன்று தடவை துடைக்கிறாள், பார்த்துவிட்டுத்தான் துடைக்கிறாள்.

நீ பயந்தாய். அது எனக்குத் தெரியும், பயத்தைப் பற்றி இனி என்னிடம் யாரும் புதுசாக ஒன்றும் சொல்ல முடியாது. அன்றைக்குக் குடத்துத் தண்ணீரில் போகாதது அதற்கப்புறம் எந்தச் சோப்பிலும் போயிருக்காது என்பதும் தெரியும், சோறு பிசையும்போது அவன் போன இடத்தின் வாசனை உன் விரலில் வருகிறது, பிள்ளையைத் தூக்கும்போது வருகிறது, "சொல்லிராதீங்க" என்று அவன் கேட்டுக்கொண்டதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு நீ பேசாமல் இருக்கிறாய். அவன் அப்படிச் சொன்னது நீ பின்னால் நகர்ந்ததைப் பார்த்த பிறகு. நகராமல் நின்றிருந்தால் வேறே சொல்லியிருப்பான்.

கடைசி விலை சொல்கிறேன். என்னிடம் வர வேண்டாம். தங்கமணியிடம் வர வேண்டாம். உன் பேர் எங்களுக்கு எப்போதும் தெரிய வேண்டாம். நீ அவனிடம் போ. இடம் உனக்குத் தெரியும், எந்தப் பஸ், எந்த நிறுத்தம், எந்தச் சந்து என்று உன் கைக்குத் தெரியும். போய் அவன் முன்னால் நில். துண்டு போடாதே. வெறும் கையாக, வெளிச்சத்தில், அவன் கையைப் பிடி. அவன் இழுத்துக்கொள்வான், வேண்டாம் என்பான், விடாதே. பிடித்திருப்பது அவனுக்குத் தெரியாது, அதனால் அவன் கண்ணால் பார்க்கிற மாதிரி பிடி, ஒரு விரல் மடங்கியிருந்தால் மடங்கின விரலையும் சேர்த்துப் பிடி. பாக்கி வைத்துவிட்டு வந்த அந்த ஒரு வார்த்தையை வாயைத் திறந்து சொல். சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய், முதல் அட்டையில் முதல் மாத்திரையை உன் எதிரில் அவன் விழுங்குகிற வரைக்கும் கூட நில். இன்றைக்கே போ, நாளைக்கு என்றால் எத்தனை விரல் மிச்சம் இருக்குமோ தெரியாது.

இதற்குக் கீழே நான் ஒரு விரல்கூட இறங்க மாட்டேன்.